எங்கள் வீட்டு டாக்டரின் நான்காம் அத்தியாயம்

என் கணவர் பிலவேந்திரன் தத்துவப் பேராசிரியர். இதைச் சொன்னதும் எங்கள் பாகூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அதப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?" என்பதுதான். "அதையே இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்கிற வேலை கெடைக்கும்" என்பேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். கோபப்படத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் நான்தான் பட்டுத் தொலைத்தேன்.

வில்லியனூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஒரு பங்கு ஊரில் பிறந்தவர் அவர். ஊர் முழுக்க வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஆனாலும் ஊர்த்தெரு வேறு, எங்கள் தெரு வேறு. ஊர்த்தெருக்காரர்களுக்கு நிலம், எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த நிலத்தில் கூலி. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா இன்பமேரி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாற்று நடப் போனார். தம்பி பள்ளிக்கூடத்திலேயே இருந்தார். பிரெஞ்சுக்காரன் காலம் என்பதால் கோயில் பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொண்டார். பிறகு மெட்ராசுக்குப் போய்த் தத்துவத்தில் எம்.ஏ. முடித்து, 1962இல் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

நான் அண்ணி என்று கூப்பிடுகிற அந்த இன்பமேரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தெருவில் யாருக்காவது ரேஷன் கார்டு வரவில்லை என்றாலும், குழந்தைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போனாலும், பங்குச் சாமியார் வீட்டு வாசலில் போய் நிற்பது அண்ணிதான். கத்த மாட்டார், கும்பிட மாட்டார், கேட்டது கிடைக்கும்வரை சும்மா நிற்பார். தம்பியை அவர் ஆளாக்கியதும் அப்படி நின்றுதான்.

இவர் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் இனமும் அனுபவமும். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பர்கள் பட்டதைப் பற்றிப் பிரெஞ்சில் வந்த கட்டுரைகளை மேசை நிறையக் குவித்துவைத்துப் படித்தார். கேள்வி இதுதான்: ஒருவன் பட்ட அவமானத்தை, படாத இன்னொருவன் எவ்வளவு படித்தாலும் தெரிந்துகொள்ள முடியுமா? பட்டவன் சொல்கிற வார்த்தையை மற்ற சாட்சியம் இல்லாமலேயே அறிவு என்று ஏற்கலாமா? ஏற்கவேண்டும் என்பது இவர் கட்சி.

எனக்குப் புரியவைக்க அவர் ஓர் உதாரணம் சொன்னார். மதகடிப்பட்டில் ஒரு டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். கூரையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நாமே எடுத்துக் கழுவி, குடித்து, நாமே கழுவிக் கவிழ்க்கவேண்டும். "அந்த கிளாஸ் மத்த கிளாஸையெல்லாம்விடச் சுத்தமா இருக்கும், செலின். ரெண்டு தடவை கழுவுறோமே. வெளியிலிருந்து வந்து பாக்குறவன், இவங்களுக்கு நல்ல கிளாஸா குடுத்திருக்காங்கன்னுகூட எழுதிட்டுப் போவான். அதுல குடிச்சவனுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்ன தத்துவத்திலேயே எனக்கு முழுசாகப் புரிந்தது அதுதான்.

முதல் மூன்று அத்தியாயங்கள் கடல் தாண்டி இருந்தவர்களைப் பற்றியவை. அவருடைய நெறியாளர், மெட்ராஸ் பேராசிரியர் கோதண்டராமன், அவற்றைப் படித்துவிட்டு மனம்விட்டுப் பாராட்டினார். நான்காம் அத்தியாயத்தில் இவர் தன் ஊருக்கு வந்தார். கோயிலுக்குள் ஊர்த்தெருக்காரர்கள் ஒரு பக்கம், எங்களவர்கள் ஒரு பக்கம் என்பதை எழுதினார். மாதா திருவிழாவில் பெரிய தேர் எல்லாத் தெருவும் சுற்றி, எங்கள் தெரு முனைக்கு வந்ததும் திரும்பிவிடும் என்பதை எழுதினார். எங்கள் சனங்கள் மெழுகுவர்த்தியோடு முனையில் நிற்பார்கள். தேர் திரும்புகிறபோது மாதாவின் முதுகைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சின்ன வயதில் தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி நின்றதை எழுதினார். மாதாவுக்கு முகம் எப்படி இருக்கும் என்று அக்காவிடம் கேட்டதையும் எழுதினார்.

பேராசிரியர் இந்த அத்தியாயத்தை மட்டும் திருப்பி அனுப்பினார். கெட்ட எண்ணத்தில் அல்ல, நல்ல மனிதர்தான். "வெளித் தேர்வாளர் கேட்பார், பிலவேந்திரன். உங்கள் வாய்வார்த்தையைத் தவிர இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார். நானே திருவிழாவுக்கு வந்து பார்க்கிறேன். நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது" என்றார்.

பட்டவன் சொன்னால் போதும் என்று நிரூபிக்கிற புத்தகத்துக்கு, படாத ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இவரோ சந்தோஷப்பட்டார். 1972 மே மாதம் வரச்சொல்லிக் கடிதம் போட்டார்.

அங்கேதான் இவர் ஒரு தப்பு செய்தார். தத்துவம் படித்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பேராசிரியர் எதற்கு வருகிறார் என்று அக்காவிடம் சொல்லவில்லை. "திருவிழா பாக்க மெட்ராஸ்லேர்ந்து ஒரு பெரியவர் வர்றார்" என்று மட்டும் சொல்லியனுப்பினார். "ஒரு வார்த்தை சொல்லிவையுங்களேன்" என்றேன். "கூடாது செலின். சொல்லிக்குடுத்த சாட்சி சாட்சியே இல்லை. அவங்களா சொல்லணும்" என்றார். தன் அக்கா உண்மையைத்தான் சொல்வார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

அக்காவும் தம்பியிடம் ஒன்றைச் சொல்லியிருக்கவில்லை. அந்த வருடம் அண்ணி பங்குச் சாமியார் வாசலில் வேறு ஒரு காரியத்துக்காக நின்றுகொண்டிருந்தார். தேர் எங்கள் தெருவுக்குள் வரவேண்டும் என்று கேட்டு, தவக்காலம் முழுக்க நின்றார். கடைசியில் சாமியார் ஊர்த்தெரு நாட்டாமை சவரிராயனைக் கூப்பிட்டுப் பேசி, இந்த வருடம் வரட்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார். சவரிராயன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோயிலில் பிரிவினை என்று வெளி ஆட்களிடம் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தர் வாயிலிருந்தும் வரக்கூடாது. வந்தால் தேர் முனையிலேயே திரும்பிவிடும்.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கோயிலுக்கு வெளியே பந்தலில் பேராசிரியருக்கு நாற்காலி போட்டார்கள். சவரிராயன் கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். பங்குச் சாமியாரும் வந்து உட்கார்ந்தார். இவர் அக்காவை அழைத்துவந்து, "இவங்கதான் எங்க அக்கா" என்றார். அண்ணி உட்காரவில்லை.

பேராசிரியர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "அம்மா, இந்தக் கோயிலில் உங்கள் தெருக்காரர்களுக்கு ஏதாவது வித்தியாசம் பார்க்கிறார்களா? பயப்படாமல் சொல்லுங்கள்."

அண்ணி முதலில் தம்பியைப் பார்த்தார். பிறகு சாமியாரைப் பார்த்தார். சவரிராயன் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்டிலாம் ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாரும் மாதா புள்ளைங்கதான். ஒண்ணாத்தான் கீறோம்."

இவர் முகம் செத்துப்போயிற்று. "அக்கா" என்றார். அண்ணி, "எனக்கு வேல கெடக்குது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குப் பொழுது சாயத் தேர் புறப்பட்டது. ஊர்த்தெரு சுற்றி எங்கள் தெரு முனைக்கு வந்தது. இவர் என் பக்கத்தில் நின்றார். முனையில் தேர் நின்றது. வடம் பிடித்தவர்கள் சவரிராயனைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். தேர் உள்ளே வந்தது.

தெருவில் எழுந்த சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் காகிதத் தோரணம் கட்டி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அண்ணி மண்ணில் மண்டியிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "மாதா நம்ம தெருவுக்கு வந்துட்டாடி செலினு. வந்துட்டா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன். எனக்கு அந்த நிமிடத்தில் ஆராய்ச்சி, அத்தியாயம் ஒன்றும் நினைவில்லை. பேராசிரியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் ஒருவர்தான் அழாமல் நின்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பேராசிரியர், "உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் பெருமைப்படவேண்டும், பிலவேந்திரன்" என்றார்.

"சார், இதுதான் முதல் தடவை. இதுவரைக்கும் தேர் உள்ளே வந்ததே இல்லை."

"இருக்கலாம். ஆனால் அது எனக்குத் தெரியாதே. உங்கள் அக்கா சொன்னதைக் காதால் கேட்டேன். தேர் வந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்க்காததை நான் எப்படி எழுதுவது?"

அரியூர் தாண்டும்வரை இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

பிறகு பேராசிரியரிடமிருந்து முடிவு வந்தது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடவேண்டும். அந்த இடத்தில், இந்தியக் கிராமங்களில் இத்தகைய வேற்றுமைகள் மறைந்து வருகின்றன என்றும், ஆய்வாளரின் சொந்த ஊரில் திருவிழாத் தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறது என்றும் ஒரு பத்தி சேர்க்கவேண்டும். அப்படிச் செய்தால் உடனே பரிந்துரைப்பார். கல்லூரியில் டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் துறைத் தலைவராக முடியாது என்று அப்போதுதான் பேச்சு எழுந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து, ஏன், அந்தப் பங்கிலிருந்தே யாரும் டாக்டர் ஆனதில்லை.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். "எடுக்கிறதா இருந்தா எடுங்க. இல்லாததைச் சேர்க்காதீங்க" என்று நான் சொன்னேன். "இல்லாததுன்னு எப்டி சொல்ற? தேர் வந்துதுதானே?" என்றார். "வந்தது வேற, போகிறது வேற. போகிறதுன்னா வருஷா வருஷம்னு அர்த்தம் ஆகாதா?" என்றேன். கணக்கு டீச்சருக்குத் தெரிகிறது தத்துவ வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் சேர்த்தார்.

பட்டம் வந்தது. பங்குச் சாமியார் ஆசையாகக் கேட்டார் என்று இவர் தன் ஆய்வேட்டின் அட்டை போட்ட பிரதி ஒன்றைக் கோயில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். கோயிலில் இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் போர்த்தியவர் சவரிராயன். அண்ணி ஒரு மூட்டை புது நெல் அரிசியைத் தலையில் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கே வந்து இறக்கினார். பந்தலில் நடந்ததைப் பற்றி அக்காவும் பேசவில்லை, தம்பியும் பேசவில்லை.

மறுவருடம் தேர் வரவில்லை. அச்சு பலமாக இல்லை, எங்கள் தெரு மேடு பள்ளம் என்றார்கள். எங்கள் தெரு ஆட்களே மண் அடித்து மட்டம் செய்தார்கள். அதற்கடுத்த வருடமும் தேர் முனைக்கு வந்து திரும்பப் பார்த்தது. அண்ணி போய் வடத்துக்கு முன்னால் படுத்துவிட்டார். மற்றப் பெண்களும் படுத்தார்கள். ஊர்த்தெருப் பக்கமிருந்து கல் விழுந்தது. அண்ணிக்கு நெற்றி பிளந்தது. சாமியாரும் அப்போது மாறிப்போய்ப் புதுச் சாமியார் வந்திருந்தார். அவருக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. எங்கள் தெருக்காரர்கள் அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள். வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் விசாரணை வைத்தார்கள்.

நானும் இவரும் போனோம். பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் தெருச் சனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் நெற்றியில் கட்டு இன்னும் இருந்தது. தேர் எந்தக் காலத்திலும் தங்கள் தெருவுக்குள் வந்ததில்லை என்றும், ஒரே ஒரு வருடம் மட்டும் விட்டார்கள் என்றும் அண்ணி சொன்னார். கோயிலுக்குள் நடக்கிற வித்தியாசத்தையும் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தார். நம்புகிற மாதிரிதான் தெரிந்தது.

சவரிராயனின் வக்கீல் எழுந்தார். கையில் அந்த அட்டை போட்ட பிரதி. இங்கிலீஷில் அந்தப் பத்தியைப் படித்தார். பிறகு தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "இது எங்க ஆளு எழுதினதில்லீங்க. இவங்க தெருவுல பொறந்து வளந்த டாக்டர் எழுதினது. இந்த அம்மாவோட கூடப்பொறந்த தம்பி. அதோ உக்காந்திருக்கார். பட்டவன் வாய்ச்சொல்லே போதும்னு இதே புத்தகத்துல நூறு பக்கம் எழுதியிருக்கார். அவர் வாய்ச்சொல்லுதான் இது."

தரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அதுவரை தெரியாது. தங்கள் கஷ்டத்தை எழுதித்தான் தம்பி டாக்டர் ஆனான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கேட்டார். "நீங்கதான் டாக்டர் பிலவேந்திரனா? இது நீங்க எழுதினதா?"

இவர் எழுந்து நின்றார். "ஆமாம்" என்றார்.

"அப்படின்னா இதுல இருக்கிறது உண்மைதானா?"

உண்மை இல்லை என்று சொன்னால், பொய் எழுதிப் பட்டம் வாங்கினேன் என்று அரசாங்கத்துக்கு முன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி. பட்டம் போகும், வேலையும் போகலாம். உண்மை என்று சொன்னால் அக்கா பொய்க்காரி. இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சொல்லுங்க" என்றேன். எதைச் சொல்லச் சொன்னேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குள் அண்ணி எழுந்துவிட்டார்.

"அவன ஒண்ணும் கேக்காதீங்க சார். அவன் பேர்ல தப்பு இல்ல. மெட்ராஸ்லேர்ந்து வந்த பெரியவரு எங்கிட்ட கேட்டாரு. ஒரு வித்தியாசமும் இல்லன்னு நாந்தான் சொன்னன். நான் சொன்னதத்தான் அவன் எழுதுனான். பொய் சொன்னது நானு."

"ஏன்மா அப்படிச் சொன்னீங்க?"

"சொன்னா தேர வுட மாட்டம்னாங்க. அதான் சொன்னன்."

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "தேவைன்னா பொய் சொல்லுவேன்னு அவங்களே ஒத்துக்கிறாங்க, எழுதிக்கோங்க" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். இவரைப் பார்த்து, "நீங்க உக்காருங்க, டாக்டர்" என்றார். இவர் உட்கார்ந்தார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. பழைய வழக்கப்படி எந்தத் தெருக்களில் தேர் போகிறதோ அந்தத் தெருக்களில் போகலாம் என்று உத்தரவு வந்தது. அண்ணி பொய் சொன்னதாக ஒத்துக்கொண்டது அதிகாரியின் காகிதத்திலேயே ஏறிவிட்டதால், அதன்பிறகு எங்கள் சனங்கள் எங்கே போய்க் கேட்டாலும் ஊர்த்தெருக்காரர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள்.

இவர் துறைத் தலைவர் ஆனார், பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்கு இவர்மேல் அவ்வளவு மரியாதை. ஒரு வரி புதிதாக எழுதவில்லை. எடுத்துவிட்ட நான்காம் அத்தியாயத்தை எங்காவது பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். பார்க்கலாம் என்பார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் குறையவே இல்லை. பாசமும் குறையவில்லை, அதனால்தான் கஷ்டமாக இருந்தது. அண்ணி மட்டும் எப்போதும்போலப் புது அரிசியோடு வந்தார். இவருக்கு மூச்சிரைப்பு வந்தபோது ஒரு மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். "தம்பி தம்பி" என்றே கூப்பிட்டார்.

1983இல் அண்ணி செத்துப்போனார். எங்கள் தெருக்காரர்களுக்கென்று இருக்கிற கல்லறையில் புதைத்துவிட்டு, பிற்பகல் பஸ்ஸில் வீடு திரும்பினோம். இவர் அடக்கத்தில் அழவில்லை. பஸ்ஸில் திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு விசாரணையில அக்கா எழுந்து பேசுனுச்சே, அப்போ எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா?"

அதுவரை அவர் என்னிடம் ஊர்ப்பேச்சில் பேசியதில்லை.

"நிம்மதியா இருந்துச்சு, செலின். அது பேசப்பேச, அப்பாடா, நான் தப்பிச்சன்னு இருந்துச்சு. கூட்டத்துல அது தலையில கட்டோட நிக்கறத நான் பாத்துக்கினுதான் இருந்தன். அப்பவும் நிம்மதியாத்தான் இருந்துச்சு."

இவ்வளவு வருடமாக நான் அவர்மேல் பட்ட கோபத்துக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. வெட்கத்தில் ஊமையாகிவிட்டார், பயத்தில் நாக்கு எழவில்லை என்றெல்லாம் அவருக்காக நானே எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிம்மதி என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அனுபவம் அனுபவம் என்று ஆயுசு முழுக்கப் பேசிய மனிதர், தன் அனுபவத்தை உள்ளபடி சொன்னது அன்றைக்குத்தான்.

"இதையாவது எழுதிவையுங்க" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எழுதுனா யாரு நம்புவாங்க?" என்றார்.